மாங்குளத்தில் பனி

திரையில் பனி கொட்டுகிறது.
ஊசியிலைக் காட்டுக்குள்ளால் லொறி ஓட்டுகிறேன்.
முன்னே போகும் விசையில் விரல் சுடுகிறது.
மூலையில் சின்ன எழுத்தில்:
தொண்ணூற்றாறு பாகை.

பகல் குடித்த வெயிலைத் தகரக் கூரை
இரவு பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும் அறை.
ஆவணி.
சோழகம் விழுந்தால் புழுக்கம், அடித்தால் கிரவல் தூசி.
ஜன்னலைத் திறப்பதா விடுவதா,
இந்த மெஷினுக்கு அதுதான் முதல் வைத்தியம்,
இரண்டும் பிழை.

வவுனியாவில் பாதிக் காசு, மிச்சம் பத்து மாதத் தவணை.
கடைப் பொடியன் சொன்னான்:
"அக்கா, இது கேம் லப்டொப்,
ஏசி அறைக்குள்ள வைச்சுப் பாவியுங்கோ."
நான் சிரித்தேன். பிறகு அவனும்.

முதலில் சிரட்டை, மூலைக்கு ஒன்றாய்க் கவிழ்த்து,
அடியில் காற்று நுழைய.
ஒன்று சரிந்துகொண்டே இருந்தது.
அந்தக் காலுக்கு மட்டும் சோடா மூடிகள்.
ஈரத் துவாயும் போட்டுப் பார்த்தேன், சொல்ல வெட்கம்.
பிறகு காட்டைக் குறைத்தேன்:
நிழல் வேண்டாம், தூரத்து மலை வேண்டாம்,
நொடிக்கு முப்பது படம் போதும்.
மரங்கள் களிமண் பொம்மையாய்ப் போயின.
நாலு பாகை இறங்கியது.

நிறைமதி பக்கத்துப் பாய். ஒரே அணி.
பகலில் எனக்கு இடப்புறப் பாதையில்
கூப்பிடு தூரத்துக்கும் கொஞ்சம் அப்பால்
முகக்கவசத்துக்குள் வேர்த்துக்கொண்டு குந்தியிருப்பாள்.
"என்னடி உது, தும்பு அடிக்குதோ?" என்பாள் விசிறியை.
அவ்வளவுதான், திரும்பிப் படுத்துவிடுவாள்.

அன்றைக்கு நீண்ட ஏற்றம்.
லொறி திணற, விசிறி கூவத் தொடங்கியது
தாழ இருந்து மேலே
மேலே
இன்னும் மேலே
நிறைமதி எழும்பினாள்.
எழும்பினாள் என்பது சரியில்லை.
சுவரோடு ஒட்டிக் குப்புற,
காதைப் பொத்தி, வாயைத் திறந்துகொண்டு
கிடந்தாள்.
நான் பொத்தானை அமத்திப் பிடித்தேன்.
பனி நின்றது.

"கனவடி. தண்ணி தா."
அவளுக்கும் எனக்கும் ஒரே வயது.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
வாயை ஏன் திறக்க வேண்டும் என்று
எனக்கும் ஒரு ரீச்சர் சொல்லித் தந்திருக்கிறா.

ஞாயிறு கழற்றினேன்.
பதினொரு ஆணி, அதில் இரண்டு குட்டை.
முட்டைத் தட்டின் குழிகளில் வரிசை பிசகாமல் போட்டேன்.
உள்ளே சிவப்புக் கம்பளிபோல் புழுதி:
வேலைத்தள மண். எங்கள் சட்டையில் ஏறி வந்தது.
பையிலிருந்து தூரிகையை எடுத்தேன்.
மண்ணுக்குள் ஒரு வட்ட மூடியின் விளிம்பு தெரியும்வரை
பக்கவாட்டில் மட்டும் தள்ளும் தூரிகை.
மேலிருந்து அழுத்தக் கூடாது.
அதைக் கைக்குச் சொல்லத் தேவையில்லை.
சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு
இதழ் இதழாய்.
காய்ந்த பசையைச் சுரண்டி
புதியது ஒரு பயறளவு.
நிறைமதி ரோச் பிடித்தாள்.
"ஏலாட்டி விடு. பின்னேரம் மற்றதுகளோட சேர்த்து
இதையும் வெடிக்க வைப்பம்."

இப்போது எண்பத்திரண்டு.
ஐம்பது நிமிடத்துக்கு ஒருக்கால் அலாரம்,
தளத்தில் விசில் ஊதும் அதே கணக்கு.
பத்து நிமிடம் லொறி ஓரமாய் நிற்கும்.
நான் ஜன்னலில் நிற்பேன்.
ஏ ஒன்பதில் கொழும்பு பஸ்கள்
ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும்.

நேற்று அலாரம் அடித்துத் திரும்பி வந்தால்
என் இடத்தில் நிறைமதி.
"நான் ஒருக்கா ஓடிப் பாக்கிறன்."
எடுத்த எடுப்பில் வீதியை விட்டு இறக்கினாள்,
ஒரு தடமும் இல்லாத வெறும் பனிக்குள்.
சிவப்புத் தலைக் கட்டை இல்லை, நாடா இல்லை.
சிரித்துக்கொண்டு நேரே, பிறகு வளைத்து,
பிறகு சும்மா சுற்றிச் சுற்றி.
மூலையில் எண்பத்தைந்து. எண்பத்தாறு.
நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.